லிட்டருக்கு 6 கிராம்

வீட்டில் பீர் காய்ச்சுவதாகச் சொன்னால் எல்லாரும் மால்ட், ஹாப்ஸ் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதெல்லாம் முடிந்தபிறகு வருவது. வாளியில் நொதித்து முடிந்த பீர் சப்பென்று இருக்கும். பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேர்க்கிறேன். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று கரியமில வாயுவை விடும். மூடி இறுகியிருப்பதால் வாயு வெளியே போக வழியில்லாமல் பீருக்குள்ளேயே கரையும். 20 டிகிரியில் இரண்டு வாரம். பிறகு ஃபிரிட்ஜ், குளிர்ச்சியில்தான் வாயு நன்றாகக் கரையும்.

சர்க்கரை ரொம்பக் கூடிப்போனாலோ, நொதித்து முடியும் முன்பே அடைத்தாலோ பாட்டில் வெடிக்கலாம். ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டும்வரை நான் மூடியை எடுப்பதே இல்லை.

இதெல்லாம் இங்கிலாந்தில். வீட்டில் குடிக்கக் காய்ச்சுவதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்று 1963லேயே சொல்லிவிட்டார்கள், விற்கத்தான் கூடாது. நான் வளர்ந்த நெய்வேலி குவார்ட்டர்ஸில் இதே வாளியை வைத்திருந்தால் 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டே அரசாங்கம் 2003லிருந்து சில்லறைக் கடை நடத்துகிறது, அது தனிக் கதை. எனக்குச் சட்டத்தைவிட அப்பாவிடம்தான் பயம்.

அப்பா சுரங்கத்தில் நிலத்தடி நீர்ப் பிரிவில் இருந்தவர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே இருக்கும் தண்ணீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டிக்கொண்டு நிற்கிறது. லாரி டயர் காற்று மாதிரி. போர் போட்டு ராத்திரி பகலாகப் பம்ப் ஓட்டி அதைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். அந்தப் பம்புகளோடுதான் அவருடைய முப்பது வருஷமும் போனது.

குடி அவருக்கு ஆகாது. பெரியப்பா ஈரல் கெட்டு 51 வயதில் போனார். மந்தாரக்குப்பத்திலிருந்து அவரைச் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது அப்பாதான், எத்தனையோ ராத்திரி.

போன வருஷம் அப்பா இங்கே வந்திருந்தபோது, படிக்கட்டுக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டார். இருபது பாட்டில். நான் ஒளித்து வைக்கவில்லை, சொல்லவும் இல்லை.

"உங்க பெரியப்பாவும் எப்பவாவது ஒண்ணுன்னுதான் ஆரம்பிச்சாரு."

"தெரியும்ப்பா."

அதற்குமேல் என்னிடம் பதில் இல்லை. வாரத்துக்கு இரண்டு பாட்டில்தான் என்று சொல்ல வாய் வந்தது. அந்தக் கணக்கை அவர் ஏற்கெனவே ஒருவரிடம் கேட்டிருக்கிறார்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் ஈஸ்ட் மெல்லிசாகப் படிந்திருந்தது.

"உள்ள எவ்ளோ பிரஷர் இருக்கும்?"

"ரெண்டு கிலோ. கார் டயர் அளவு."

"கண்ணாடி தாங்குமா?"

"இந்தக் கண்ணாடி தாங்கும். சர்க்கரையை நிறுத்துதாம்ப்பா போடுறேன்."

"கண்ணளவுல போடாத," என்றார். பிறகு பாட்டில்களை அலமாரியிலிருந்து எடுத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒவ்வொன்றாக நிற்கவைத்தார். ஒன்று வெடித்தாலும் சில்லு வெளியே வராதாம்.

ஊருக்குக் கிளம்பும்வரை அதைப் பற்றி அவர் பேசவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால், சாப்பிட்டியா என்று கேட்ட கையோடு, "இந்த வாரம் எத்தனை?" என்கிறார். நான் எண்ணிச் சொல்கிறேன்.