குப்பத்துக் கடற்கரையில் ஒரு நாள்

சென்னைப் பெசன்ட் நகரிலுள்ள அன்னை வேளாங்கண்ணித் திருத்தலத்தை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் நம்மிடையே இராது. ஆகஸ்டு 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் நிறைவுறும் அதன் பெருவிழாவிற்குக் காவியுடுத்தி நடந்து செல்வோர் நம் பங்குகளிலும் உண்டு. அதே கடற்கரையில் வடக்கு நோக்கி நடந்தால், அடையாறு கடலோடு கலக்கும் இடத்தை அடுத்து ஊரூர்க் குப்பம், ஆல்காட் குப்பம் என்னும் மீனவர் குடியிருப்புகளைக் காணலாம். அருகிலுள்ள பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவரான கர்னல் ஆல்காட்டின் பெயரே குப்பத்திற்கும் நிலைத்துவிட்டது. திருத்தலத்திற்குச் செல்லும் நம்மவருள் எத்தனை பேர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

இக்குப்பத்தில் 2015-ஆம் ஆண்டு ஓர் இசைவிழா தொடங்கிற்று. கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும், சுற்றுச்சூழல் பணியாளர் நித்தியானந்த் ஜெயராமனும், குப்பத்து மக்களும், தன்னார்வ இளைஞர்களும் சேர்ந்து நடத்தியது அது. நுழைவுச் சீட்டு இல்லை. பெரிய நிறுவனங்களின் விளம்பரப் பலகைகள் இல்லை. செலவு பொதுமக்களின் நன்கொடை. மார்கழி மாதத்துச் சபாக்களில் ஒலிக்கும் இசை குப்பத்திற்கு வரட்டும், குப்பத்தார் ஆடிப்பாடும் கலைகளைச் சபாக்காரர்களும் வந்து கேட்கட்டும் என்பதே நோக்கம். பின்னாளில் இவ்விழா சென்னைக் கலைத் தெரு விழா எனப் பெயர் மாறிற்று.

2016-ஆம் ஆண்டு விழாவிற்கு நான் சென்றது இசையார்வத்தால் மட்டுமன்று. அவ்வாண்டு எங்கள் பங்கின் பாதுகாவலர் திருவிழாவில், தேர்ப்பவனிக்கு முன் பறை அடித்துச் செல்ல இளைஞர்கள் அனுமதி கேட்டிருந்தனர். பங்குப்பேரவையில் சிலர், "சாவு மேளத்தைக் கோயிலுக்குக் கொண்டுவருவதா?" என்று எழுந்து நின்றனர். இதை நான் எதிர்பார்த்திருந்தேன். எதிர்பாராதது, கீழத்தெருப் பெரியவர் ஒருவரின் சொல். "எங்கப்பா அடிச்சது போதும் சாமி. என் பேரன் அடிக்க வேணாம்" என்றார். அந்தப் பேரன்தான் அனுமதி கேட்டு வந்த இளைஞர்களின் தலைவன். சென்னையில் கல்லூரியில் படிப்பவன். "முடிவு சொல்லுமுன் தாத்தாவோடு ஒருநாள் வந்து பாருங்கள், ஃபாதர்" என்று அழைத்தவனும் அவனே. கண் மருத்துவத்திற்குப் பெரியவர் சென்னை வந்த சமயமாகப் பார்த்து மூவரும் சென்றோம்.

நாங்கள் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஒருபுறம் வலைகள் குவிந்து கிடந்தன. கருவாட்டு மணம் காற்றில் இருந்தது. மேடைக்கு முன் விரித்த விரிப்பில் முதலில் இடம் பிடித்தவர்கள் குப்பத்துச் சிறுவர்கள். அவர்களுக்குப் பின்னே பட்டுப்புடவை அணிந்த மயிலாப்பூர் அம்மையார்களும், தோளில் பை தொங்கவிட்ட மாணவர்களும். பாடகர் ஆலாபனையைத் தொடங்கியபோது அலையோசையும் நாய்க் குரைப்பும் தம்புராவோடு சேர்ந்தே ஒலித்தன. அவர் அதற்காக முகம் சுளிக்கவில்லை. சற்று நேரத்தில் மீன்கூடையோடு வந்த தாய் ஒருவர் என் அருகில் நின்று கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, வார்த்தைதான் புரியல" என்று சொல்லிக் கடந்து போனார். பழைய இலத்தீன் பூசையை நினைவுகூரும் நம் முதியவர்களுக்கு இந்த விமர்சனம் அந்நியமாக இராது.

குறையும் சொல்ல வேண்டும். வந்தவருள் பலர் இசையைக் கேட்டதைவிடப் படம் எடுத்ததே அதிகம். குப்பத்து ஆண்கள் சிலர் எதிலும் கலவாமல் படகருகே சீட்டாடிக்கொண்டிருந்தனர். ஒருநாள் மாலையில் சாதி கரைந்துவிடுமென்று நம்புவோர் கடற்கரையில் அரைமணி நேரம் நின்று பார்த்தால் போதும்.

இருட்டும் நேரத்தில் பறைக்குழுவினர் வந்தனர். வைக்கோலைக் கொளுத்தி, வட்டமாய் நின்று, தோலை அனலில் காய்ச்சினர். அதுவரை வாய் திறவாதிருந்த பெரியவர் எழுந்து அருகே போனார். ஒருவன் தட்டிப் பார்த்ததும், "இன்னும் காயணும் தம்பி, ஓரம் பச்சையா பேசுது" என்றார். அவன் மறுபேச்சின்றி மீண்டும் காய்ச்சினான். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் மெல்லிய சிண்டுக்குச்சி. இரண்டும் சேர்ந்து எழுப்பிய ஒலியில் சிறுவர்கள் துள்ளி எழுந்துவிட்டனர். பெரியவரின் விரல்கள் தொடையில் தாளமிட்டதை நானும் கண்டேன், பேரனும் கண்டான். ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

திரும்பும் பேருந்தில்தான் அவர் வாய் திறந்தார். பண்ணையார் வீட்டில் சாவு விழுந்தால் அவர் தந்தை இரவு முழுவதும் அடிக்க வேண்டும். சாவுச் செய்தியை ஊர் ஊராய்ச் சென்று சொல்ல வேண்டும். கூலி சில மரக்கால் நெல், திண்ணைக்குக் கீழே எச்சில் சோறு. "இந்தப் பிள்ளைங்க ஆசைப்பட்டு அடிக்கிறாங்க சாமி. எங்கப்பா அடிக்கமாட்டேன்னு சொல்ல முடியாது. ரெண்டும் ஒரே பறைதான். ஆனா ஒண்ணு இல்ல." பேரன் மெல்ல, "அதனாலதான் தாத்தா நான் அடிக்கணும்" என்றான். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குருமடத்தில் நாங்கள் கற்ற திருவழிபாட்டுச் சட்டம் இவ்வழக்கிற்கு விடை தராமலில்லை. 1903-இல் புனித பத்தாம் பத்திநாதர் பியானோவையும், முரசு, தாளம் முதலிய ஓசைமிகு கருவிகளையும் ஆலயத்தில் விலக்கினார். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, தமக்கென இசைமரபு உடைய மக்களின் இசைக்கு உரிய மதிப்பும் தகுந்த இடமும் அளிக்கப்பட வேண்டும் என்றது. தொல்காப்பியம் நிலங்களின் கருப்பொருள்களைக் கூறுமிடத்துப் பறையையும் சேர்த்துக் கூறுகிறது. ஆகவே இது நம் மரபன்று என்பார் எவருமிலர். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா நடத்திவந்த சக்தி கலைக்குழுவில் தலித் இளம்பெண்களே பறையேந்தி ஆடுகின்றனர்; ஆண்கள் மட்டுமே அடித்த கருவி அது. கலை ஆர்வலர்கள் பறையைப் போற்றத் தொடங்குமுன்பே நம் கன்னியர் அதைக் கையிலெடுத்துவிட்டனர் என்பதில் எனக்குச் சிறிது பெருமையும் உண்டு.

ஆயினும் ஏடு அனுமதிக்கிறது என்று நான் தீர்ப்புச் சொன்னால், பெரியவர் பேருந்தில் சொன்னதற்கு அது மறுமொழி ஆகாது. கருவியில் குற்றமில்லை, யார் அடிப்பது, யார் கேட்பது, அடித்தவர் எங்கே உட்கார்ந்து உண்பது என்பதில்தான் இழிவு இருந்தது. ஆகவே பங்குப்பேரவையில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: பறை அடிப்பது ஒரு தெருவின் வேலையாக இருத்தல் கூடாது. எங்கள் பங்கின் நான்கு அன்பியங்களும் ஆளுக்கு இரண்டு இளைஞரை அனுப்பிக் கற்பிக்க வேண்டும். ஆணாயினும் பெண்ணாயினும் சரி.

மூன்று அன்பியங்கள் அனுப்பின. நான்காவது, "பார்ப்போம், ஃபாதர்" என்றது, இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறது.

பெரியவர் தம் பங்குக்கு இரண்டு நிபந்தனைகள் விதித்தார். அடிப்பவர்க்கு ஒரு ரூபாயும் கூலி என்று கொடுக்கக்கூடாது. திருவிழா அசனத்தில் அவர்களுக்கு முதற்பந்தியில், முதல் வரிசையில் இலை போட வேண்டும். முதலாவதைப் பேரவை ஐந்து நிமிடத்தில் ஏற்றது. இரண்டாவதைப் பற்றி இரண்டு கூட்டங்கள் பேசினோம். ஒருவர் எழுந்து வெளியேறினார். இறுதியில் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட்டோம். தேர்ப்பவனியன்று மாலை, ஆலயத்தின் பின்புறத்தில் வைக்கோல் புகை எழுந்தபோது நான் திருவுடை அணிந்துகொண்டிருந்தேன். "இன்னும் காயணும்" என்னும் குரல் திருப்பொருளறைக்குள் கேட்டது.