ஆற்றங்கரையில் டென்ட் போடலாமா? - மூன்று மாதமாக முதுமலைக்கு பிளான் போடுகிறோம்!

சென்னையில் வேலை பார்க்கும் தோழிகள் மூன்று பேர் சேர்ந்தால், டீ ஆறுவதற்குள் ஒரு ட்ரிப் பிளான் தயாராகிவிடும். பெரும்பாலும் அது வாட்ஸ்அப் குரூப்பிலேயே பிறந்து, அங்கேயே செத்தும்போகும். எங்கள் முதுமலை பிளான் மட்டும் எப்படியோ மூன்று மாதமாக உயிரோடு இருக்கிறது.

நான் மயிலாப்பூர். மற்ற இருவரில் ஒருத்தி அடையாறு, இன்னொருத்தி தி.நகர். பெயர் போடாதே என்று சொல்லிவிட்டதால் ஏரியா பெயரிலேயே கூப்பிடுகிறேன். ஆரம்பித்து வைத்தது அடையாறுதான். மசினகுடி பக்கம் ஆற்றங்கரையில் டென்ட், எதிரில் கேம்ப் ஃபயர், தலைக்கு மேல் நட்சத்திரங்கள் என்று ஒரு ரீல்ஸை அனுப்பி, "போறோம்" என்று ஒரே வார்த்தை போட்டாள். தி.நகர் மறுநாளே பாண்டி பஜாரில் ஷூ விலை விசாரித்துவிட்டு வந்தாள். தகவலைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு என்பதால் ரூட், அனுமதி, செலவு மூன்றும் என் தலையில்.

படிக்க ஆரம்பித்ததும் முதலில் அடிபட்டது டென்ட்தான்.

முதுமலை 1940-ல் சரணாலயமானது, 2007-ல் புலிகள் காப்பகமானது. அதற்குள்ளேதான் 103 சதுர கிலோமீட்டருக்கு தேசியப் பூங்கா இருக்கிறது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைப்பதே குற்றம். காட்டுக்கு ஆபத்து வரும்படி நெருப்பு மூட்டுவதும் குற்றம். ரீல்ஸில் பார்த்த இரண்டும் போச்சு!

"ஒரு ராத்திரிதானேடி, ஓரமா போட்டுக்கிட்டா என்ன?" என்றாள் தி.நகர். "எங்க வீட்டுப் பக்கத்துலயே கிண்டி தேசியப் பூங்கா இருக்கு. மூணு சதுர கிலோமீட்டர்கூட இல்ல. அதுக்குள்ள போய் டென்ட் போட்டா விடுவாங்களா?" என்று அடையாறு கேட்டதும் அமைதியானாள்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். எனக்கு உறைத்தது அந்த ஆறு. மோயாறு, முக்குர்த்தி மலைப் பக்கம் பிறந்து, தெப்பக்காடு வழியாக ஓடி, தமிழ்நாட்டுக்கும் கர்நாடகாவுக்கும் எல்லைக்கோடு மாதிரி போய், பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர் பீடபூமி மழை மறைவுப் பகுதி. கோடையில் குட்டைகள் வற்றிவிட்டால் யானை, காட்டெருமை, மான் என எல்லாவற்றுக்கும் இந்த ஆறுதான் கதி. நாம் டென்ட் போட ஆசைப்படும் கரை, அவை இருட்டிய பிறகு தண்ணீர் குடிக்க இறங்கும் படித்துறை. மயிலாப்பூர் பாஷையில் சொன்னால், அறுபத்துமூவர் அன்று மாட வீதி நடுவில் பாய் விரித்துப் படுக்கிற மாதிரி!

அப்படியானால் ரீல்ஸில் வருவது எப்படி? அதே போன்ற விளம்பரம் போட்டிருந்த ஓர் இடத்துக்கு போன் செய்து, "அனுமதி இருக்கா?" என்று கேட்டேன். "அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம், அட்வான்ஸ் அனுப்புங்க" என்று பதில் வந்தது. சீகூர் யானை வழித்தடம் செல்லும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொன்ன பகுதி அது. அடுத்த ஜனவரியில் மசினகுடியில் விடுதிப் பக்கம் வந்த ஒரு யானை மீது எரியும் துணியை வீசினார்கள். அந்த யானை இறந்துபோனது. அந்த வீடியோ உங்களுக்கும் நினைவிருக்கும். அட்வான்ஸ் அனுப்பவில்லை.

இத்தனைக்கும் நடுவில் அம்மாவிடம் சொல்லியாக வேண்டும். எங்கே, எத்தனை நாள், யார் யார் என்று வரிசையாக வரும் என்று நினைத்தேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "குரங்கணி ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. 2018 மார்ச் 11. நான் பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்த நேரம். தேனி மாவட்ட மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். சென்னையிலிருந்து போன குழுவில் நிறைய பேர் வேலைக்குப் போகும் இளம்பெண்கள். இன்று எனக்கு இருக்கும் வயதுதான் அவர்களுக்கும். எங்கள் வீட்டில் இரண்டு நாள் டி.வி-யை அணைக்கவே இல்லை. பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணுக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று ஒலியைக் குறைத்து வைத்திருந்தார் அம்மா.

அதற்குப் பிறகுதான் அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை ஆன்லைன் புக்கிங்கோடு, வழிகாட்டிகளோடு திறந்தது. இதையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "கவர்ன்மென்ட் ரசீது குடுப்பாங்களா?" என்றார். அந்தக் கேள்வியில்தான் எங்கள் பிளான் உருப்படியானது.

தெப்பக்காட்டில் வனத்துறையே தங்கும் அறைகள் நடத்துகிறது. ஆன்லைனில் பதிவு செய்யலாம். சில்வன் லாட்ஜ் மோயாற்றின் ஓரத்திலேயே இருக்கிறது. டென்ட் துணிக்குப் பதில் சுவர், மற்றபடி அதே ஆறு. யானைகள் முகாமும் அங்கேதான். 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் 2023-ல் ஆஸ்கர் வாங்கியதே, அந்த முகாம்தான். காட்டுக்குள் சுற்றிப் பார்க்க வனத்துறை வேன். துணிக் கூரைக்குக் கீழேதான் தூங்குவேன் என்பவர்களுக்கு, காவிரிக் கரையில் பீமேஸ்வரியில் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நடத்தும் முகாம் இருக்கிறது. எங்களுக்கு மோயாறுதான் வேண்டும்.

மாதம் ஜனவரி. பிப்ரவரி வந்துவிட்டால் காடு காய ஆரம்பித்துவிடும், தீ பயத்தில் சுற்றுலாவை நிறுத்திவைப்பதும் உண்டு. சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து பஸ்ஸில் ஊட்டி. அதன் பிறகு கல்லட்டி வழி கிட்ட, ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள். கத்திப்பாரா மேம்பாலத்திலேயே தலை சுற்றும் தி.நகரை நினைத்து, கூடலூர் சுற்றி மைசூரு போகும் பஸ்ஸே போதும் என்று முடிவு செய்தோம். சொந்தக் காரில் போகிறவர்கள் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், பஸ்ஸுக்கு அந்தக் கவலை இல்லை. தெப்பக்காட்டிலிருந்து பந்திப்பூர் போகும் சாலையை இரவு 9 முதல் காலை 6 வரை மூடிவிடுவார்கள், அதனால் பொழுதோடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை என்று சொன்னதும், அம்மா பரணிலிருந்து ஒரு எவர்சில்வர் கூஜாவை இறக்கிவிட்டார். அடையாறு அதை போட்டோ எடுத்து குரூப் டி.பி-யாக வைத்திருக்கிறாள்.

போன வாரம் அறை உறுதியானது. ரசீதை பிரின்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். "மூணு பேர்னு போட்டிருக்கே, நாலுன்னு மாத்த முடியுமா?" என்று கேட்கிறார். இன்னும் குரூப்பில் சொல்லவில்லை.