ஒரே வைன், எத்தனை கிளாஸ்?

ஒரு பாட்டில் வைன். மேஜையில் நாலைந்து விதமான கிளாஸ்கள். எல்லாவற்றிலும் ஊற்றுவது அதே பாட்டிலிலிருந்துதான். குடித்துப் பார்த்தவர்கள் "இது வேற, அது வேற" என்று சத்தியம் செய்கிறார்கள். கிளாஸை மாற்றினால் வைன் மாறுமா என்ன?

மாறும் என்று சொல்லியே ஒரு குடும்பம் உலகம் முழுக்கக் கிளாஸ் விற்றிருக்கிறது. அப்படி மாறிவிடக் கூடாது, அதனால் எல்லோரும் ஒரே கிளாஸில் ருசி பாருங்கள் என்று சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. அளவு போட்டுக் கொடுத்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு தரப்பு சொன்ன காரணம் மட்டும் தப்பாகப் போய்விட்டது.

(குடி குடியைக் கெடுக்கும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. இங்கே பேச்சு கிளாஸைப் பற்றி மட்டும்தான் :-) )

முதலில் அந்தப் பொதுக் கிளாஸ். எந்த ஊர்ச் சரக்கு எந்தப் பெயரில் விற்கலாம் என்று பிரான்சில் முடிவு செய்வது ஐ.என்.ஏ.ஓ. என்ற அரசு நிறுவனம். பர்கண்டி என்று லேபிள் ஒட்ட வேண்டுமானால் அது பர்கண்டியில் விளைந்திருக்க வேண்டும், சொன்ன விதிப்படி செய்திருக்க வேண்டும். இந்த மாதிரி வைன்களை ருசி பார்ப்பதற்கென்று அங்கே உருவான கிளாஸ்தான் பிறகு ஐ.எஸ்.ஓ. 3591 என்ற எண்ணில் 1977-ல் சர்வதேசத் தரமானது.

பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். நீளமான முட்டையின் மேல் பக்கத்தைச் சீவிவிட்டு, அடியில் ஒரு தண்டும் பாதமும் வைத்த மாதிரி. மொத்த உயரம் 155 மி.மீ. வயிற்றுப் பகுதியின் அகலம் 65 மி.மீ. வாய் மட்டும் 46 மி.மீ. கொள்ளளவு சுமார் 215 மி.லி., ஆனால் ஊற்ற வேண்டியது 50 மி.லி. மட்டும். அதாவது கிட்டத்தட்ட முக்கால் கிளாஸ் காலி.

ஏன் காலி? விஷயமே அங்கேதான் இருக்கிறது. ருசி என்று பொதுவாகச் சொல்வதில் பெரும்பங்கு வாசனைதான். ஜலதோஷம் பிடித்த அன்று சாப்பாடு சப்பென்று இருப்பது இதனால்தான். வைனை லேசாகச் சுழற்றினால் அது கிளாஸின் சுவரில் ஏறிப் பரவுகிறது. பரப்பு கூடும்போது ஆவியாகும் வாசனைப் பொருட்களும் கூடுகின்றன. மேலே வாய் குறுகலாக இருப்பதால் அந்த ஆவி சட்டென்று ஓடிவிடாமல் உள்ளேயே நிற்கிறது. மூக்கை உள்ளே விட்டால் கிடைப்பது அந்தக் காலி இடத்தில் தங்கியிருக்கும் வாசனை. தண்டு எதற்கு? கைச்சூடு வைனுக்குப் போகாமல் இருக்க. நிறமில்லாத கண்ணாடி எதற்கு? வைனின் உண்மையான நிறம் தெரிய. அழகுக்கென்று இதில் எதுவுமே கிடையாது.

சரி, இதற்கெல்லாம் சர்வதேசத் தரம் தேவையா என்று தோன்றலாம். திராட்சை வருஷத்துக்கு ஒரு அறுவடைதான். ஒரு விவசாயியின் ஒரு வருஷ உழைப்பு, போட்டி மேஜையில் 50 மி.லி.யாகச் சுருங்கி நிற்கிறது. ருசி பார்ப்பவர் ஒன்றிரண்டு நிமிஷத்தில் மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த கிளாஸுக்குப் போய்விடுவார். மெடலும் அதைத் தொட்டு வருகிற விலையும் அந்த நிமிஷத்தில் முடிவாகிவிடுகின்றன. பக்கத்துத் தோட்டக்காரரின் வைனுக்கு நல்ல கிளாஸும் இவருடைய வைனுக்குத் தட்டையான கிளாஸும் கிடைத்தால் அது அநியாயம் இல்லையா? எல்லோருக்கும் ஒரே தராசு வேண்டும். அந்தத் தராசுதான் இந்தக் கிளாஸ்.

இப்போது இன்னொரு கட்சி.

ரீடல் குடும்பம் 1756 முதல் பொஹிமியாவில் கண்ணாடித் தொழில் செய்துவந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945-ல் எல்லாம் போனது. தொழிற்சாலைகளைச் செக்கோஸ்லோவாகிய அரசு எடுத்துக்கொண்டது. எட்டாம் தலைமுறையான வால்டர் ரீடலைச் சோவியத் யூனியனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்; அவர் விடுதலையாக 1955 ஆனது. போர்க்கைதியாக இருந்த மகன் கிளாஸ் ரீடல் தப்பித்து ஆஸ்திரியாவுக்கு வந்து சேர்ந்தார். (ஆமாம், பெயரே கிளாஸ்தான்! நம்பினால் நம்புங்கள்.) அங்கே ஆதரவு கொடுத்தது ஸ்வரோவ்ஸ்கி குடும்பம், படிகக் கற்களுக்குப் பேர் போன அதே குடும்பம். அவர்கள் உதவியோடு 1956-ல் கூஃப்ஷ்டைன் என்ற ஊரில் நொடித்துப் போயிருந்த ஒரு கண்ணாடித் தொழிற்சாலையை வாங்கி, அப்பாவும் பிள்ளையும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

அந்தக் காலத்தில் பணக்கார வீட்டு வைன் கிளாஸ் என்றால் கனமாக இருக்கும். பூ வெட்டியிருக்கும், நிறம் போட்டிருக்கும். கிளாஸ் ரீடல் இத்தனையையும் கழற்றிப் போட்டார். மெல்லிய, வெறுமையான, நிறமில்லாத கண்ணாடி. 1958-ல் பர்கண்டி வைனுக்கென்று அவர் செய்த கிளாஸில் ஒரு லிட்டருக்கும் மேல் பிடிக்கும். அது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இடம் பிடித்தது. 1973-ல் 'சொமெலியே' என்ற வரிசை வந்தது. வைன் வகைக்குத் தகுந்த மாதிரி கிளாஸின் வடிவமும் மாற வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை.

வாயால் ஊதிச் செய்த அந்தக் கிளாஸ்களின் விலை சாமானியருக்கு எட்டாது. அடுத்த தலைமுறையான கேயோர்க் ரீடல் 1986-ல் 'வினும்' என்ற வரிசையை மெஷினில் செய்து இறக்கினார். காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது பழகிய பாடம். முதலில் உச்சியில் பேர் வாங்கு, பிறகு அதே பேரைக் குறைந்த செலவில் பெரிய மார்க்கெட்டுக்குக் கொண்டு போ. அதோடு அவர் விளம்பரத்தை மட்டும் நம்பவில்லை. ஊர் ஊராகப் போய், ஒரே வைனைப் பல கிளாஸ்களில் ஊற்றி, "நீங்களே பாருங்கள்" என்றார். நம்பாமல் வந்தவர்களில் பலர் கிளாஸ் வாங்கிக்கொண்டு போனார்கள்.

சிக்கல் எங்கே வந்தது? "ஏன்?" என்ற கேள்வியில்.

நாக்கின் நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு, ஓரங்களில் புளிப்பு என்று ஒரு படம் பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். கிளாஸின் வடிவம் வைனை நாக்கின் சரியான பகுதியில் கொண்டுபோய் விடுகிறது, அதனால்தான் ருசி மாறுகிறது என்று ரீடல் தரப்பில் விளக்கம் சொல்லப்பட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் படமே தப்பு. 1901-ல் ஹேனிக் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், நாக்கின் இடத்துக்கு இடம் சுவை உணரும் திறனில் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு என்றுதான் எழுதினார். 1942-ல் போரிங் என்ற ஹார்வர்ட் உளவியலாளர் தன் புத்தகத்தில் அதை வரைந்த விதத்தில் சின்ன வித்தியாசம் பெரிய எல்லைக்கோடாகத் தெரிந்தது. 1974-ல் வர்ஜீனியா காலிங்ஸ் மறுபடி அளந்து பார்த்தபோது வித்தியாசம் இருந்தது, ஆனால் கணக்கில் எடுக்க முடியாத அளவு. சுவை மொட்டு இருக்கும் இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியும். 2004-ல் அமெரிக்காவின் 'கூர்மே' பத்திரிகை இதையெல்லாம் போட்டு உடைத்தது.

அப்படியானால் எல்லாம் ஏமாற்றா? அவசரப்பட வேண்டாம். ஜப்பானில் மித்சுபயாஷி என்ற பேராசிரியரின் குழு, ஆல்கஹால் ஆவியைப் படமெடுக்கும் ஒரு கேமரா செய்து 2015-ல் முடிவை வெளியிட்டது. 13 டிகிரியில் வைன் கிளாஸின் விளிம்பைச் சுற்றி ஆவி ஒரு வளையமாக நின்றது. நடுவில் ஆல்கஹால் குறைவு. அங்கே மூக்கை வைத்தால் ஆல்கஹாலின் காரம் மறைக்காமல் வைனின் வாசனை கிடைக்க வாய்ப்பு அதிகம். மார்ட்டினி கிளாஸிலும் நேர்க் கிளாஸிலும் அந்த வளையம் இல்லை. 25 டிகிரிக்குச் சூடானதும் வைன் கிளாஸிலும் காணோம். ஆக, வடிவம் வேலை செய்கிறது. ஆனால் வேலை நடப்பது நாக்கில் இல்லை, மூக்குக்குக் கீழே.

இதனால் திராட்சைக்கு ஒரு கிளாஸ் என்று அலமாரியை நிரப்ப வேண்டும் என்று ஆகிவிடாது. கையில் என்ன கிளாஸ் இருக்கிறது, அது என்ன விலை என்று தெரிந்தவுடன் மனசும் கொஞ்சம் ருசியைக் கூட்டிவிடுகிறது. ருசி பார்ப்பவர்களின் கண்ணைக் கட்டிவிட்டுச் செய்த 2002 ஆய்வு ஒன்றில், கிளாஸ் வடிவத்தால் வந்த வித்தியாசம் சொற்பமாகத்தான் இருந்தது.

பொருள் நல்லதாக இருந்தும் விற்பதற்குச் சொன்ன காரணம் தப்பாக இருந்தால் அதை என்னவென்று சொல்வது? பொய் என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் பாடப்புத்தகங்களே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. ஆனால் தப்பு என்று தெரிந்த பிறகும் அதே படத்தைக் காட்டி விற்றால் அது வேறு கணக்கு. நல்ல பொருளுக்குச் சரியான காரணம் கிடைக்கும் வரை, "குடித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் வாங்குங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை. கேயோர்க் ரீடலின் கையில் அந்த ஆயுதம் முதலிலிருந்தே இருந்தது. நாக்குப் படம் அவருக்குத் தேவையே இல்லை.

இத்தனைக்கும் நடுவில் அந்த 215 மி.லி. கிளாஸ் தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. பெரிய சிவப்பு வைன்களுக்கு அது போதாது, சின்னதாக இருக்கிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும். தராசின் வேலை சரக்கை உயர்த்திக் காட்டுவது இல்லையே!