வாடைக்காற்றும் வளர்ந்தோர் விளையாட்டும்

தைப்பொங்கல் நாளின் பிற்பகலிலே தொண்டைமானாற்றுப் பாலத்தைக் கடந்து, வடமராட்சிக் கரையோரமாகக் கிழக்கு நோக்கிச் செல்வோர், வல்வெட்டித்துறையை அடையுமுன்னரே வானத்தை அண்ணாந்து பார்க்கத் தொடங்கிவிடுவர். கொக்கு, பிராந்து, வௌவால், எட்டுமூலை எனப் பலவகைப் பட்டங்கள் அங்கே மிதந்துகொண்டிருக்கும். கப்பலும் ஆகாயவிமானமுங்கூடப் பட்டமாக எழுவதுண்டு. பொங்கலன்று அக்கடற்கரையில் நடைபெறும் பட்டத் திருவிழாவைக் காண யாழ்ப்பாணக் குடாநாட்டின் பல பாகங்களிலுமிருந்து மக்கள் திரள்வர். அத்தகைய ஒரு பொங்கலன்று நாமும் எம் பத்து வயது மைந்தனை அழைத்துக்கொண்டு சென்றிருந்தோம்.

பட்டம் சிறுவர் விளையாட்டு என்பதே எமது எண்ணமாயிருந்தது. ஆங்கு கண்டதோ வேறு. கயிறு பிடித்து நின்றோருள் மீசை நரைத்தவர் பலர். சிறுவர் வேடிக்கை பார்த்தனர், பெரியோர் விளையாடினர். ஆளுயரத்தினும் பெரியதொரு பட்டத்தை நால்வர் தூக்கி நிற்க, முதியவர் ஒருவர் அதன் முச்சையைச் சரிபார்த்தார். பட்டத்தின் முகத்திலே கட்டி ஒரே முடிச்சில் இணைக்கும் நூல்களே முச்சை எனப்படும். முடிச்சுச் சிறிது இடம் மாறினும் பட்டம் சுழன்று விழுந்துவிடும். பட்டத்தின் தலைப்பக்கத்தில் விண் பூட்டியிருந்தார்கள். வில்லாக வளைத்த சிலாகையில் இழுத்துக் கட்டிய நாடா காற்றில் அதிர்ந்து எழுப்பும் ரீங்காரமே விண்ணின் ஓசை.

இவ்வூரார் காற்றை அறிந்தவர்கள். இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், இவ்வூர் மாலுமிகளோடு கடல் பல கடந்து, 1938ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. இன்றும் இவ்வூரிற் கடலை நம்பி வாழ்வோர் பலர். வாடைக்காற்று வலுத்துக் கடல் கொந்தளிக்கும் நாள்களிலே படகுகள் கரையேறிக் கிடக்கும். உழைப்பைத் தடுக்கும் அக்காற்றையே பட்டமேற்றும் காற்றாகக் கொண்டார்களே, அதுவன்றோ பெருமை!

இது பொறுப்பற்ற பொழுதுபோக்குமன்று. 2021 டிசெம்பரிலே பருத்தித்துறைப் பகுதியில் பெரும்பட்டமொன்றின் கயிற்றைப் பிடித்திருந்த இளைஞர் ஒருவர் வானிலே தூக்கப்பட்டு, நற்பேறாக உயிர் தப்பினார். எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்பதை அறிந்த கைகள் பக்கத்தில் வேண்டும். பெரியோர் விளையாட்டை விட்டகன்றால் அவ்வறிவும் அவர்களோடு அகன்றுவிடும்.

பட்டம் எழுந்து நிலைத்ததும் அம்முதியவர் எம்மை நோக்கி, “தம்பி, நீங்களும் ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோ” என்றார். “வேண்டாம் ஐயா, பிள்ளைக்குக் காட்டத்தான் வந்தனாங்கள்” என்றோம். உண்மையில் எம்மைத் தடுத்தது வெட்கமே. அவரோ விடவில்லை. கயிற்றைப் பற்றினோம். மேலே கூவிய விண்ணின் அதிர்வு கயிறுவழி இறங்கி உள்ளங்கையிலே துடித்தது. எம்மையறியாமல் உரக்கச் சிரித்துவிட்டோம். அருகில் நின்ற மைந்தன் பட்டத்தை விட்டு எம் முகத்தையே வியந்து பார்த்தான்.

திரும்பும் வழியில், “அப்பா, உங்களுக்கு முச்சை கட்டத் தெரியுமோ?” என்று கேட்டான். “முந்தித் தெரியும்” என்றோம். அவ்விடை எமக்கே சுட்டது. “படித்தாயா?” என்று நாள்தோறும் அவனைக் கேட்டிருக்கிறோம், “விளையாட வருகிறாயா?” என்று ஒருநாளேனும் கேட்டதில்லை. எம் தந்தையார் வேப்பமரநிழலிற் குந்தியிருந்து எமக்குக் கற்பித்ததை, எம்மோடு முடித்துவிட இருந்தோம்.

மறுநாட் காலை மூங்கில் பிளந்து, தாள் ஒட்டி, வால் கட்டி இருவருமாக ஒரு சிறு பட்டம் செய்தோம். முச்சை பிழைத்தது, பட்டம் இருமுறை சுழன்று வேலியில் விழுந்தது. மூன்றாம் முறை முடிச்சைச் சற்றே மேலேற்றினோம். பட்டம் பனைவடலிக்கு மேலாக எழுந்தது.

பெற்றோரே, விளையாட்டைப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். மாணவச் செல்வங்களே, உங்கள் தந்தையரின் கையிலே ஒருமுறை நூலைக் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் வேண்டாமென்பார்கள், சற்றே வற்புறுத்துங்கள்.