அடுப்புக்குள்ள ஒரு சிலந்தி!

ஸ்காட்லாந்துனு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கோட்டை, ஏரி, பாவாடை கட்டின ஆம்பளைங்க? எனக்கு ஞாபகம் வர்றது... ஒரு அழுக்கு கேஸ் அடுப்பு! சிரிக்காதீங்க பாஸ், அது எங்க உயிர் சம்பந்தப்பட்ட கதை.

கிளாஸ்கோவில் படிக்கிற பெரியப்பா பையனைப் பார்க்க லீவுக்குப் போயிருந்தேன். அவன் ஃப்ரெண்டோட பழைய கேம்பர் வேன் ஓசியில் கிடைக்க, 'நார்த் கோஸ்ட் 500' ரூட்டில் கிளம்பிட்டோம். இன்வர்னெஸ்ஸில் ஆரம்பிச்சு, வடக்குக் கடலோரமா சுத்தி அங்கேயே திரும்புற ரூட். மொத்தம் 516 மைல். நம்ம கணக்குல 830 கிலோமீட்டர். பல இடங்களில் ஒரு வண்டி மட்டுமே போற ரோடு. எதிரே வண்டி வந்தா யாராவது ஒருத்தர் ஒதுங்கி வழி விடணும். விட்டவருக்குக் கை தூக்கி ஒரு நன்றி!

மூணாம் நாள் டர்னஸ். பாறை உச்சியில் வேன், கீழே கடல். மே மாசம், ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கு. ஆனா, குளிர் பல்லைத் தட்டுது. மேகி வைக்க அடுப்பைப் பத்தவெச்சா, தீ மஞ்சள் கலர்ல ஆடுது. "ஜன்னலைச் சாத்திட்டு இதை எரியவிட்டுத் தூங்கலாம்டா. ஹீட்டர் மாதிரி இருக்கும்" என்றான் அண்ணன். எனக்கும் சூப்பர் ஐடியாவாத்தான் பட்டது.

பெருமைக்காக அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு மேகியைக் காட்டினேன். அம்மா பார்த்தது மேகியை இல்லை. "பாத்திரம் ஏன்டா இப்படிக் கரி பிடிச்சிருக்கு? முதல்ல அடுப்பை அணை!"

அப்புறம்தான் மண்டையில் பல்ப் எரிஞ்சது. கேஸ் முழுசா எரிய போதுமான காத்து வேணும். அது கிடைச்சா நீலத் தீ. கிடைக்கலைன்னா மஞ்சள் தீ, கரி, கூடவே கார்பன் மோனாக்சைடு. சிலிண்டர் கேஸ் லீக் ஆனா மூக்குக்குத் தெரியும், அதுக்காகவே வாசனை சேர்க்கிறாங்க. இதுக்கு வாசனையும் இல்லை, கலரும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடிச்சிடும். செமஸ்டரில் எழுதி மார்க் வாங்கின விஷயம் பாஸ். அடுப்பு முன்னாடி மறந்துபோச்சு!

பக்கத்து வேன் பெரியவர்கிட்ட ஓடினோம். சிலிண்டரை மூடி, அடுப்பு ஆறினதும் பர்னரைத் தூக்கிப் பார்த்தார். காத்தும் கேஸும் கலக்கிற குழாய்க்குள்ளே சிலந்திக் கூடு! குளிர்காலம் முழுக்கச் சும்மா நிக்கிற வேன்களில் இது சகஜமாம். மெல்லிய பிரஷ்ஷால் சுத்தம் பண்ணினார். பர்னரை சோப்புத் தண்ணியில் கழுவி, ஈரமில்லாமக் காயவெச்சோம். கேஸ் வர்ற ஜெட் பக்கம் நான் ஊக்கை நீட்டினதும் கையைத் தட்டிவிட்டார். துளை கொஞ்சம் பெருசானாலும் கேஸ் அளவு மாறிடுமே! ட்யூப் இணைப்பில் சோப்பு நுரை தடவினார். குமிழ் வந்தா லீக். நல்லவேளை, வரலை.

கடைசியில் தரையைக் காட்டினார். அங்கே ஒரு ஓட்டை, அதில் பழைய துணி. 'குளிர்காத்து வராம யாரோ அடைச்சிருக்காங்க, நல்லவங்க'னு முதல் நாள் நாங்க பாராட்டின துணி! சிலிண்டர் கேஸ் காத்தைவிட கனம், லீக் ஆனா தரையில்தான் தேங்கும். அது வெளியே போகத்தான் அந்த ஓட்டை. உருவி எறிஞ்சோம்.

அன்னிக்கு ராத்திரி ஆளுக்கு மூணு ஸ்வெட்டர். நீலத் தீயா இருந்தாலும் அடுப்பு ஹீட்டர் கிடையாது. மறுநாள் தர்ஸோவில் முதல் செலவு, கார்பன் மோனாக்சைடு அலாரம்.

நம்ம ஊர் டூரிலும் வண்டியில் அடுப்பு ஏத்துறோம்தானே? 2023 ஆகஸ்ட்டில் மதுரையில் நின்ன ரயில் பெட்டிக்குள்ளே, திருட்டுத்தனமா கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடிச்சு 9 பேர் செத்தாங்க. சமைக்கணுமா? வண்டியை நிறுத்தி, அடுப்பை வெளியே இறக்குங்க. தீ என்ன கலர்னு பாருங்க.

மஞ்சளா இருந்தா... அம்மாவுக்கு ஒரு கால் போடுங்க!