கிம்ப்புக்கு ஃபோட்டோஷாப் வேஷம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறேன். கிராஃப் தாளில் நிரப்பிய கட்டங்கள் இப்போது திரையில் புள்ளிகள். இத்தனை வருஷமும் ஃபோட்டோஷாப்தான். ஆனால் 2013க்குப் பிறகு வந்த பதிப்பெல்லாம் வாடகைக்குத்தான். போன மாதம் சந்தாவை நிறுத்திவிட்டு, இலவச கிம்ப்புக்கு வந்தேன்.

முதல் நாளே நொந்துபோனேன். தேர்வை நீக்க கன்ட்ரோல் டி அழுத்தினால், மொத்தப் படத்துக்கும் நகல் திறக்கிறது. சாயங்காலம் பார்த்தால் ஒரே அன்னப்பட்சிக்குப் பதினோரு நகல்! நகர்த்தும் கருவிக்கு அங்கே வி, இங்கே எம்.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் புலம்பினேன். நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். "வேற தறியில உக்காந்தா கால் பழைய மிதியத்தான் தேடும், தம்பி" என்றார்.

அந்தக் காலுக்கு வழி செய்திருப்பது பிரேசிலின் டியோலினக்ஸ் குழு. அவர்களுடைய ஃபோட்டோகிம்ப்பைப் போட்டால், கருவிகளின் இடமும் குறுக்குவிசைகளும் ஃபோட்டோஷாப் மாதிரியே அமைந்துவிடும். உள்ளே இருப்பதென்னவோ, 1995இல் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் தொடங்கிய அதே கிம்ப்தான்.

வேஷம் போட்டதால் எல்லாம் வந்துவிடாது. மெனுவில் சில பெயர்களை இன்னமும் தேடுகிறேன். ஆனால் படத்தை 'இண்டெக்ஸ்டு' முறைக்கு மாற்றி, ஊடைக்கு வேண்டிய ஐந்தாறு நிறத்தோடு நிறுத்திக்கொள்ளும் வேலை குறையில்லாமல் நடக்கிறது. எனக்கு அது போதும்.

முயல்பவர்கள், பழைய கிம்ப் அமைப்புக் கோப்புறையை முதலில் நகலெடுத்து வையுங்கள். நான் வைக்கவில்லை.