ஓய்வைப் படிக்கப் போனவள்

"பொழுதுபோக்குவதற்குமா ஒரு பட்டம்?" என்று நான் கேட்டபோது என் மகள் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தாள். கனடா தேசத்து வாட்டர்லூ சர்வகலாசாலையில், பொழுதுபோக்கையும் ஓய்வையும் ஆராய்வதற்கென்றே 1968-ஆம் ஆண்டில் ஒரு துறை ஏற்பட்டது. அதில் சேர வேண்டுமென்பது அவள் விருப்பம். டில்லியில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் பிள்ளைகள் இன்ஜினீயராகவோ ஆடிட்டராகவோ வருவதுதானே வழக்கம்? 35 ஆண்டுகள் சர்க்கார் உத்தியோகம் பார்த்த எனக்கு, ஓய்வென்பது வேலையில் மிஞ்சிய நேரம், அவ்வளவுதான்.

அவள் வாதாடவில்லை. "நாட்குறிப்பு இந்தப் படிப்பில் ஒரு முக்கியமான கருவி, அப்பா. நீங்களும் அம்மாவும் அரைமணிக்கு அரைமணி செய்ததை ஒரு வாரம் எழுதி வையுங்கள், மனத்துக்கு நிறைவு தந்தது எது என்பதையும் குறியுங்கள்" என்றாள்.

வாரம் முடிந்தது. இரண்டு நோட்டுப் புத்தகங்களையும் அருகருகே விரித்தாள். என்னுடையதில் ஓய்வு ஏராளம்: பத்திரிகை, பூங்கா, டெலிவிஷன், மறுபடியும் டெலிவிஷன். நிறைவுக்கான கட்டமோ காலியாகக் கிடந்தது. என் மனைவியின் ஏட்டில் விடியற்காலை முதல் இரவுவரை சமையலும் துவையலும் பணிவிடையுமே. ஓய்வென்ற சொல் ஒரே இடத்தில், வியாழன் பிற்பகல் 3 மணிக்கு நேரே வந்தது. பக்கத்தில், "வீணையைத் துடைத்தேன்" என்று எழுதியிருந்தாள். வாசித்தேன் என்று எழுதவில்லை.

கல்யாணமாகி வந்தபோது அவள் கொண்டுவந்த வீணை அது. எத்தனை ஆண்டுகளாக அது வாசிக்கப்படவில்லை என்று எண்ணிப் பார்க்கவும் எனக்கு வெட்கமாயிருந்தது.

மகள் மேலும் சொன்னாள். நம் நாட்டில் 2019-இல் இவ்வாறே நேரக் கணக்கெடுத்தார்கள். வீட்டு வேலையில் ஈடுபடுவோரில், பெண்கள் நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிஷம். ஆண்கள் 97 நிமிஷம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணிக்குமேல் வேலை வாங்கலாகாதென்றது. ஓய்வு மனிதரின் உரிமை என்று ஐக்கிய நாடுகள் சபை பிரகடனம் செய்ததும் அதே ஆண்டில்தான். ஆனால் அந்தச் சட்டம் அடுக்களை வாசலோடு நின்றுவிட்டது!

ஓய்விலும் தரமுண்டாம். வெறுமனே கழிவது ஒன்று. பயிற்சியும் சிரத்தையும் கொண்டு மனிதரை வளர்ப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வகையை ராபர்ட் ஸ்டெபின்ஸ் என்ற அறிஞர் 1982-இல் விரித்துரைத்தார். நோயாளிகளும் முதியோரும் தமக்கேற்ற பொழுதுபோக்கால் தேறுவதற்கு உதவும் வேலைகளும் இப்படிப்பில் தேர்ந்தவர்க்கு உண்டு. படித்தால் சோறு கிடைக்குமா என்ற என் கவலைக்கும் அதுவே பதிலாயிற்று.

இப்பொழுது அவள் அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மாலை 5 மணிக்குமேல் அடுப்பங்கரை என் பொறுப்பு. ரசத்தில் புளி சிலநாள் தூக்கலாகத்தான் இருக்கிறது. கூடத்தில் வீணை ஒலிக்கிறது. விரல்களுக்குப் பழைய லாகவம் இன்னும் வரவில்லை. ஆயினும் நாளும் ஒலிக்கிறது.

நேயர்களே, உங்கள் இல்லத்திலும் ஒரு வாரம் இரண்டு நோட்டுப் புத்தகங்கள் வைத்துப் பாருங்கள்.